ஒரே ஈயம், இரண்டு தீர்ப்பு

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கும்படி உமது கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டே தொடங்குகிறேன். ரொறன்ரோவிலிருந்து வந்த பெரியம்மா உங்கள் கிளிநொச்சி வீட்டுக்கு வெட்டுவேலை செய்த கண்ணாடிச் சாடி ஒன்று கொண்டுவந்திருக்கிறார். அதன் அடியில் ஒட்டியிருந்த துண்டில், 24 வீதம் ஈயம் கொண்ட கிறிஸ்டல் என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருக்கிறது. அதே முற்றத்தில் நிற்கும் யப்பான் வானின் பெற்றோல் மூடிக்குள் இருக்கும் எழுத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால், ஈயமற்ற பெற்றோல் மட்டும் ஊற்றவும் என்கிறது. ஒரே உலோகம் ஓரிடத்தில் பெருமை, இன்னோரிடத்தில் தடை, இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர். கூடவே மூன்று சில்லறைக் கேள்விகள்: அப்பாவின் பழைய எம்.டி. 90 என்ற யப்பான் மோட்டார் சைக்கிள் ஈயமில்லாத பெற்றோலில் கெட்டுப்போகுமா, சாடியில் தேசிக்காய்த் தண்ணீர் கரைக்கலாமா, உலகில் இன்னும் எங்காவது ஈயப் பெற்றோல் விற்கிறார்களா.

ஈயம் இரண்டு இடத்திலும் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். யாரோ கவனக்குறைவாகக் கலந்துவிட்ட அழுக்கு அது என்று பலர் நினைக்கிறார்கள். தெரிந்தே, தேடியே, காசு கொடுத்துச் சேர்த்தார்கள். கண்ணாடியில் சேர்த்த ஈயம் அதற்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. பெற்றோலில் சேர்த்த ஈயமோ, தன் வேலை முடிந்ததும் புகைக்குழாய் வழியாக வெளியேறிவிட வேண்டும் என்றே திட்டமிடப்பட்டது. தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது இந்த இடத்தில்தான். ஆனால் வன்னியில் இன்று பிள்ளை வளர்ப்பவர் பயப்பட வேண்டிய ஈயம் இவை இரண்டும் அல்லாத வேறொன்று. அதைப் பின்னால் சொல்கிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளும்.

நான் இங்கே ஈயம் என்பது பற்றரித் தகட்டிலும் வலைக்குண்டிலும் இருக்கிற கருஞ்சாம்பல் உலோகத்தை. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், வேறு உலோகம். பென்சில் குச்சியில் இருப்பது காரீயம், அதாவது காபன், அதில் ஈயம் துளியும் இல்லை. பென்சில் குத்திய பிள்ளைக்கு ஈயம் ஏறிவிட்டது என்று வைத்தியசாலைக்கு ஓடும் பெற்றோருக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

ஈயத்தின் குணங்களில் இரண்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளும். ஒன்று, அது 327 பாகை செல்சியசில் உருகிவிடும், விறகடுப்பே போதும். மற்றது அதன் பாரம், ஒரு கன சென்ரிமீற்றர் 11.3 கிராம் நிறுக்கும். அது முல்லைத்தீவுக் கரையில் எவருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லாத விடயம். நந்திக்கடலில் இறால் வீசுகிறவரின் வீச்சுவலையைக் கையில் எடுத்துப் பாரும். நூல் என்னவோ பஞ்சுபோலத்தான், ஆனால் ஓரத்தில் வரிசையாகக் கோத்த ஈயக்குண்டுகள் தோளை இழுக்கும். வலை வட்டமாக விரிந்து விழுவதும், இறால் துள்ளுவதற்குள் அடிமண்ணைத் தொடுவதும் அந்தக் குண்டுகளால்தான். இரும்பில் செய்தால் உப்புநீரில் துருப்பிடிக்கும், அதே பாரத்துக்குப் பருமனும் கூடும்.

இனிக் கண்ணாடி. சாதாரண யன்னல் கண்ணாடியோ சோடாப் போத்தலோ, சிலிக்கா மணலும் சோடியம் காபனேற்றும் சுண்ணாம்புக்கல்லும் சேர்ந்து உருகியதுதான். நாத்தாண்டியா மணலும், வடமராட்சியில் வல்லிபுரம் பக்கத்து வெள்ளை மணலும் இதற்கு ஏற்றவை. சிலிக்கா தனியாக உருக 1700 பாகை வேண்டும். சோடா அந்தச் சூட்டைக் குறைக்கிறது, சுண்ணாம்பு கண்ணாடி நீரில் கரையாமல் காக்கிறது. இந்தச் சுண்ணாம்பின் இடத்தில் ஈய ஒட்சைட்டைப் போட்டால் கண்ணாடியின் சுபாவமே மாறிவிடுகிறது. குறைந்த சூட்டில் இளகும். உலையிலிருந்து எடுத்த பிறகும் நெடுநேரம் பதமாக இருக்கும், ஊதுகிறவர் அவசரப்படத் தேவையில்லை. ஆறியபின் மேற்பரப்பு மென்மையாக இருப்பதால் சில்லில் பிடித்துப் பட்டை தீட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒளியை அதிகம் வளைக்கும். சாதாரணக் கண்ணாடியின் முறிவுச்சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, ஏறத்தாழ 1.52. ஈயக் கிறிஸ்டலில் அது 1.545 க்கு மேல், ஈயம் கூடக்கூட இன்னும் ஏறும். எண்ணில் பார்த்தால் சின்ன வேறுபாடுதான். ஆனால் பட்டை தீட்டிய விளிம்பில் வெயில் விழும்போது நிறம் நிறமாகச் சிதறுவது அந்தச் சின்ன வேறுபாட்டின் வேலை. விரல்நகத்தால் சுண்டினால் நீண்டு ஒலிக்கும் மணிச்சத்தமும் ஈயம் தந்த கொடைதான்.

இந்த வித்தை ஜோர்ஜ் ரேவன்ஸ்குரொப்ட் என்ற இலண்டன் வணிகரின் பெயரில் பதிவாகியிருக்கிறது. 1674 இல் அவர் தம் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் வார்த்தவை சில மாதங்களில் நுண்ணிய வெடிப்போடிப் பால்போல மங்கிப்போயின. ஈய ஒட்சைட்டு சேர்த்தபின் அந்த நோய் நின்றது. பின்னர் வில்லை செய்கிறவர்கள் இந்தக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்கள். ஒற்றை வில்லைத் தொலைநோக்கியில் பார்த்தால் பொருளைச் சுற்றி வானவில் விளிம்பு தெரியும். சாதாரணக் கண்ணாடியில் ஒரு குவிவு வில்லையும் ஈயக் கண்ணாடியில் ஒரு குழிவு வில்லையும் சேர்த்து ஒட்டினால், ஒன்றின் நிறப்பிரிகையை மற்றது ஈடுசெய்துவிடும். ஜோன் டொலண்ட் 1758 இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். உயர்தர வகுப்பில் நீங்கள் மாரடிக்கும் முறிவுக் கணக்குகளுக்குப் பின்னால் இப்படியொரு ஈய வரலாறு கிடக்கிறது. இன்றைய வில்லைகளில் பெரும்பாலும் ஈயத்துக்குப் பதில் தைத்தேனியம், நயோபியம் போன்றவற்றின் ஒட்சைட்டுகளைப் போடுகிறார்கள்.

பெரியம்மாவின் சாடியை விட எங்களுக்கு நெருக்கமான ஈயக் கண்ணாடிகள் உண்டு. வைத்தியசாலை எக்ஸ்றே அறையில், பணியாளர் மறைப்புக்குப் பின்னால் நின்று உங்களைப் பார்க்கும் சின்னச் சாளரத்தைக் கவனித்திருப்பீர். தடித்து, இலேசாக மஞ்சள் பூத்திருக்கும். அதன் நிறையில் பாதிக்கு மேலும் ஈய ஒட்சைட்டாக இருக்கலாம். ஈயத்தின் கனமான அணுக்கள் கதிரை விழுங்கிக்கொள்கின்றன, வெளிச்சத்தை மட்டும் விடுகின்றன. இழை எரியும் பழைய மின்குமிழில் கம்பியைத் தாங்கும் உள்தண்டும் ஈயக் கண்ணாடிதான், மின்னை நன்றாகத் தடுக்கும் என்பதற்காக. பழைய முதுகு பெருத்த தொலைக்காட்சிப் பெட்டி இன்னொன்று. அதற்குள் பல்லாயிரம் வோல்ற்றில் இலத்திரன்கள் திரையில் மோதுவதால் கொஞ்சம் எக்ஸ்றே பிறக்கும். அது பின்பக்கமாகக் கசியாமலிருக்கக் கூம்புப் பகுதியில் 20 முதல் 25 வீதம் வரை ஈய ஒட்சைட்டு சேர்த்தார்கள். முன்திரையில் சேர்க்கவில்லை. இலத்திரன் அடிபட்டு ஈயக் கண்ணாடி பழுப்பாகிவிடும் என்பதால் அங்கே பேரியமும் துரொந்தியமும் போட்டார்கள். பெரிய பெட்டி ஒன்றில் ஒன்றிரண்டு கிலோ ஈயம் இருக்கும். வான்கதவுபோல முதுகை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டி அவ்வளவு பாரம் நிறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பெற்றோலுக்கு வருவோம். இதை விளக்க எங்கள் தோட்டக்காரருக்கு நீரிறைக்கும் இயந்திரத்தைக் காட்டினாலே போதும். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு இரண்டு தாங்கி. சின்னதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் இழுத்து உயிர்ப்பித்து, சூடேறியதும் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த இயந்திரத்தின் அமுக்க விகிதம் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஏனென்றால் மண்ணெண்ணெய் அமுக்கத்தைப் பொறுக்காது. உருளைக்குள் எரிபொருளும் காற்றும் அமுங்கிச் சூடாகின்றன. பிளக் பொறி விட்டதும் தீ ஓரத்திலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். தீ வந்து சேருமுன்னே மறுகோடியில் இருக்கும் கலவை தானாக வெடித்தால், பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்ததுபோல ஒரு சத்தம் வரும். எஞ்சின் தட்டுகிறது என்று கராச்சில் சொல்வது இதைத்தான். நெடுநாள் தட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். இப்படித் தானாக வெடிக்காமல் ஓர் எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவுகோல்தான் பெற்றோல் நிலையத்தில் நீர் பார்க்கும் 92, 95 என்ற ஒக்ரேன் எண்.

1920களின் கார்களுக்கு இந்தத் தட்டல் பெரிய தலைவலி. அமுக்கத்தைக் கூட்டினால் வலுவும் சிக்கனமும் கூடும், ஆனால் அன்றைய பெற்றோல் தாங்காது. ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர் பொருள் பொருளாகச் சேர்த்துப் பார்த்தார். அயடீன் வேலை செய்தது, விலை கட்டவில்லை. தெலூரியமும் வேலை செய்தது, ஆனால் கிட்ட நெருங்கமுடியாத நாற்றம். 1921 டிசம்பர் 9 ஆம் திகதி டெட்ரா எதைல் ஈயத்தைச் சேர்த்தார், தட்டல் அடங்கிவிட்டது. ஓர் ஈய அணுவைச் சுற்றி நான்கு எதைல் கூட்டங்கள் கொண்ட எண்ணெய் போன்ற திரவம் அது. உருளையின் சூட்டில் சிதைந்து நுண்ணிய ஈய ஒட்சைட்டுத் துகளாக மாறும். தானாக வெடிப்பதற்கு முன்னோடியாக நடக்கும் சங்கிலித் தாக்கங்களை அந்தத் துகள்கள் இடையிலேயே வெட்டிவிடும். ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் அளவு போதும். இரசாயனம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அழகான விடை.

அழகு அங்கேயே முடிகிறது. வேலை முடிந்த ஈய ஒட்சைட்டு வால்விலும் பிளக்கிலும் படிந்து எஞ்சினை அடைத்தது. ஆகவே எதிலீன் இருபுரோமைட்டு என்ற இன்னொரு பொருளையும் பெற்றோலில் கலந்தார்கள். அது ஈயத்தை எளிதில் ஆவியாகும் ஈய புரோமைட்டாக மாற்றி, புகையோடு வெளியே அனுப்பிவிடும். எஞ்சின் சுத்தமாயிற்று. ஈயத்தின் பெரும்பகுதி தெருவில். கண்ணால் காணமுடியாத அளவு நுண்ணிய துகளாக, சுவாசப்பையின் அடிவரை போகக்கூடிய பருமனில், வீதியோர மண்ணிலும் கீரையிலும் பிள்ளைகளின் கைகளிலும் படிந்தது.

தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியில்லை. ஈயம் நஞ்சு என்பது உரோமர் காலத்திலேயே அறிந்த செய்தி. முதல் ஈயப் பெற்றோல் 1923 பெப்ரவரியில் ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில் விற்கப்பட்டபோது, மிட்ஜ்லியே ஈய நஞ்சேறி ஓய்வெடுக்கப் போயிருந்தார். 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியிலுள்ள பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அதன் பிறகும் மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன்னால் அந்தத் திரவத்தில் கை கழுவி, மோந்தும் காட்டினார். விற்பனைப் பெயரிலும் ஈயம் என்ற சொல் வரவில்லை, எதைல் என்றே விற்றார்கள். எதனோல் சேர்த்தாலும் தட்டல் அடங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் சாராயத்துக்கு யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது அல்லவா. தொழில்சார் மருத்துவத்தில் பெயர்பெற்ற அலிஸ் ஹமில்ட்டன் 1925 இலேயே எதிர்த்து நின்றார். கேட்பார் இல்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து இந்த விடயத்தைத் திரும்பக் கிளப்பியவர் பெற்றோலோடு சம்பந்தமே இல்லாத ஒருவர். கிளெயர் பற்றர்சன் விண்கல்லிலுள்ள ஈயச் சமதானிகளை, அதாவது நிறையில் வேறுபடும் ஈய அணு வகைகளை, அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று 1956 இல் நிறுவிய புவி இரசாயனவியலாளர். அளக்கப் போன இடமெல்லாம் வேண்டாத ஈயம் வந்து கலந்து அவர் கணக்கைக் குழப்பியது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடினார். ஆழ்கடல் நீரில் குறைவாகவும் மேற்கடல் நீரில் கூடுதலாகவும் ஈயம் இருந்தது, அதாவது அண்மையில் மேலேயிருந்து விழுந்திருக்கிறது. 1965 இல் அதை எழுதி வெளியிட்டார், எண்ணெய் நிறுவனங்களின் உதவிப்பணத்தை இழந்தார். 1979 இல் ஹேர்பர்ட் நீடில்மன் பிள்ளைகளின் பாற்பற்களை வாங்கி அளந்து, பல்லில் ஈயம் கூடிய பிள்ளைகளுக்கு நுண்ணறிவும் கவனமும் குறைந்திருப்பதைக் காட்டினார்.

ஆனாலும் ஈயத்துக்கு முதல் அடி விழுந்தது பிள்ளைகளின் பெயரால் அல்ல. புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கி மாற்றி அமெரிக்கக் கார்களில் 1975 அளவில் வந்தது. அதற்குள் இருக்கும் பிளாற்றினத்தின் மேல் ஈயம் படிந்தால் அது செத்துவிடும். விலையுயர்ந்த உறுப்பைக் காப்பாற்றவே ஈயமற்ற பெற்றோல் முதலில் வேண்டியிருந்தது. உங்கள் வானின் மூடிக்குள் இருக்கும் எச்சரிக்கையும் அந்த உறுப்புக்காகத்தான். பிள்ளைகளுக்கு நன்மை கூடவே வந்தது, அதுவும் எப்பேர்ப்பட்ட நன்மை! அமெரிக்காவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களின் குருதியில் 1976–80 இல் டெசிலீற்றருக்கு, அதாவது 100 மில்லிலீற்றருக்கு, ஏறத்தாழ 15 மைக்ரோகிராம் இருந்த சராசரி ஈயம், 1988–91 இல் 4 க்குக் கீழே இறங்கிவிட்டது. மருந்து கொடுக்கவில்லை, பெற்றோலை மாற்றியதன் பங்கே அதில் பெரிது.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாரும். லீற்றருக்கு 0.4 கிராம் ஈயம் என்று வைத்தால், பத்து லீற்றர் எரித்த மோட்டார் சைக்கிள் 4 கிராம் ஈயத்தைக் கையாண்டிருக்கிறது. இன்று அமெரிக்காவில் பிள்ளையொன்றைக் கவனிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் எல்லை டெசிலீற்றருக்கு 3.5 மைக்ரோகிராம். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு ஒன்றரை லீற்றர் குருதி என்றால், மொத்தம் 50 மைக்ரோகிராம் சொச்சம். ஒரு தாங்கிப் பெற்றோலின் ஈயம் அதைப்போல எழுபதாயிரம் மடங்குக்கு மேல். எல்லாமே பிள்ளைகளின் உடலுக்குள் போகாதுதான், ஆனாலும் விகிதம் விளங்கட்டும்.

இனி எங்கள் ஊர்க் கதை. இந்தியா முழுவதும் 2000 பெப்ரவரியில் ஈயப் பெற்றோல் நின்றது. இலங்கையில் 2002 யூனில். அந்த ஆண்டு வன்னிக்கு வேறு காரணங்களால் மறக்க முடியாத ஆண்டு. 1990 முதல் பொருளாதாரத் தடைக்குள் இருந்த வன்னியில் பெற்றோல் என்பது மருந்துபோல அளந்து எடுக்கும் பொருள். மருந்துப் போத்தலில் இரண்டு மூன்று துளி பெற்றோலை எடுத்து, காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்து உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். கரும்புகை கக்கும், ஏற்றத்தில் தட்டும், நின்றால் திரும்ப உயிர்ப்பிப்பது உயிர்போகும் வேலை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 வீதி திறப்பு, பெற்றோல் தாராளமாக வரத் தொடங்கியது. யூனில் அதே பெற்றோலிலிருந்து ஈயம் போய்விட்டது. மண்ணெண்ணெயில் ஈயம் சேர்ப்பதில்லை. ஆக, ஏனைய மாவட்டங்களின் வீதிகளில் ஈயம் படிந்துகொண்டிருந்த 1990களில் வன்னி வீதிகளில் எரிந்தது பெரும்பாலும் ஈயமில்லாத எரிபொருள். வன்னிக்கு நல்லது செய்ய வேண்டும் என்று யாரும் நினைத்து நடந்ததல்ல இது. மண்ணெண்ணெய்ப் புகையும் சுவாசப்பைக்கு நண்பன் இல்லை.

எம்.டி. 90 பற்றி அப்பா கவலைப்படத் தேவையில்லை. கவலைக்கு ஓர் அடிப்படை உண்டுதான். ஈயம் வெளியேறும்போது வால்வு அமரும் இருக்கையில் மெல்லிய பூச்சாகப் படியும், அது உலோகமும் உலோகமும் மோதித் தேய்வதைத் தடுக்கும். மென்மையான வார்ப்பிரும்பு இருக்கை கொண்ட பழைய ஆங்கிலேயக் கார்கள், உதாரணமாக மொறிஸ் மைனர், ஈயமின்றி நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் இருக்கை தேயலாம். கடினமான இருக்கை பொருத்தினால் அந்தக் குறை தீரும். யப்பானோ 1970களிலேயே ஈயத்தைக் கைவிடத் தொடங்கிய நாடு, அவர்களது எஞ்சின்கள் அதற்கேற்பவே வந்தன. மேலும், தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியபோதும் அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஈயம் கிடைக்கவில்லையே. அக்காலத்தில் கெட்ட எஞ்சின்கள் கரி படிந்தும், எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயில் இறங்கி அதை நீர்ப்பித்தும் கெட்டவை. 92 ஊற்றி ஓடச் சொல்லும், தட்டினால் பிளக்கையும் தீப்பொறி நேரத்தையும் பார்க்கச் சொல்லும். ஒன்று மட்டும் கண்டிப்பு: தாங்கியிலிருந்து பெற்றோல் எடுக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவதை விட்டுவிடட்டும். கராச்சில் பெற்றோலில் கை கழுவும் பழக்கத்தையும்தான். ஈயம் போய்விட்டாலும் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் தருவது.

சாடி. ஈய அணுக்கள் கண்ணாடியின் வலைப்பின்னலுக்குள் பிணைந்திருக்கின்றன, தொட்டால் ஒட்டாது, மோந்தால் ஏறாது. அலுமாரியில் வைத்துப் பார்ப்பதில் ஆபத்தே இல்லை. ஆனால் புளிப்பு அந்தப் பிணைப்பை மேற்பரப்பில் மெல்லக் கழற்றும். 1991 இல் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போர்ட் வைனைக் கிறிஸ்டல் குடுவைகளில் நான்கு மாதம் வைத்து அளந்தபோது, லீற்றருக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் ஈயம் கரைந்திருந்தது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டி அளவு வெறும் 10. ஆகவே பச்சைத்தண்ணீர் ஊற்றி விருந்தினருக்குப் பரிமாறலாம். தேசிக்காய்த் தண்ணீரோ விளாம்பழக் கரைசலோ அதில் கரைத்து வைக்க வேண்டாம், வேறு பாத்திரத்தில் கரையும். ஊறுகாய், வினாகிரி, பழப்புளி எதையும் ஒருநாளும் சேமிக்க வேண்டாம். கள்ளும் அப்படியே, அது நேரம் போகப்போகப் புளித்து வினாகிரியை நோக்கிப் போகிற பானம், முட்டியே அதற்கு நல்லது. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அந்தச் சாடியைப் பூச்சாடியாக்கிவிடுவது உத்தமம்.

துண்டு உரிந்துபோன கண்ணாடி ஈயமுள்ளதா என்று அறிய உமக்குத் தெரிந்த ஆர்க்கிமிடீசே போதும். நிறுத்து, நிரம்பிய வாளியில் அமிழ்த்தி, வழியும் நீரை அளந்து, கிராம் நிறையை அந்த மில்லிலீற்றர் அளவால் வகும். 2.5 அளவில் வந்தால் சாதாரணக் கண்ணாடி, 2.9 அல்லது அதற்கு மேல் வந்தால் கிறிஸ்டல். ஐரோப்பாவில் 1969 இல் வகுத்த விதியும் 24 வீத ஈய ஒட்சைட்டோடு இந்த 2.9 ஐயும் சேர்த்தே சொல்கிறது. பெரியம்மாவின் சாடி ஒரு கிலோ என்றால் அதில் 220 கிராம் அளவு ஈயம் இருக்கிறது, உலோகமாகப் பார்த்தால் நாலைந்து தாங்கியில்லை, ஐம்பதுக்கு மேற்பட்ட தாங்கி ஈயப் பெற்றோலின் அளவு. அத்தனையும் மேசைமேல் சும்மா நிற்கிறது, யாரையும் ஒன்றும் செய்யாமல்.

அப்படிச் சும்மா நிற்காத ஈயத்தைத்தான் முன்னே சொல்லாமல் விட்டேன். உலகில் இன்று பயன்படும் ஈயத்தில் முக்கால் பங்குக்கு மேல் பற்றரிக்குள் இருக்கிறது. உழவு இயந்திரம், வான், ஓட்டோ, சோலார், எல்லாவற்றிலும் ஈய அமிலப் பற்றரி. செத்த பற்றரியை நிறுத்து விற்கலாம் என்பதால் யாரும் எறிவதில்லை, அது நல்லது. கொத்தி உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, தகட்டை வளவுக்குள் உருக்கி விற்றால் இன்னும் நாலு காசு கூடும் என்பதுதான் ஆபத்தின் தொடக்கம். தகட்டில் இருப்பது கட்டி ஈயம் மட்டுமல்ல, ஒட்சைட்டும் சல்பேற்றும் கலந்த மாப்போன்ற பசை. காய்ந்ததும் தூசியாகப் பறக்கும். செனகல் நாட்டின் டக்கார் நகரையொட்டிய தியாரோய் என்னும் ஊரில் பழைய பற்றரி மண்ணைச் சலித்து ஈயம் எடுத்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள்.

பரந்தன் பக்கத்துப் பழைய இரும்புக் கடையொன்றின் பின்புறம் நான் கண்டதையும் சொல்கிறேன். செப்புச் சுருளுக்காகப் பழைய தொலைக்காட்சிகளின் கழுத்தைக் கம்பியால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன், பதினைந்து வயது இருக்கலாம். கூம்புக் கண்ணாடி கருஞ்சாம்பல் துண்டுகளாகக் கிடந்தது, முன்திரையின் உட்பக்கத்து வெண்பொடி அவன் முன்கைவரை. கண்ணாடித் துண்டு தன்னளவில் பெரிய கேடு செய்யாது. அந்தப் பொடியும், நொறுக்கிய தூளும், அதே கையால் சாப்பிட்ட பணிசும்தான் கேடு. கடைக்காரரிடம் சொன்னேன், கையுறை வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னார். வாங்கிக் கொடுத்தாரா என்று கேட்க வேண்டாம்.

கரையோரத்தில் வலைக்குண்டு உருக்குகிறவர்களுக்கும் ஒரு சொல். உருக்குவது ஒரு சின்ன வேலை, தடுக்க முடியாது. ஆனால் குசினி அடுப்பும் சமையல் சட்டியும் வேண்டாம், அதற்கென்று ஓர் இரும்புச் சட்டியை ஒதுக்கி வெளியே, காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று உருக்கும். செக்கச் சிவக்கக் காய்ச்சினால் புகை கூடும், இளகினால் போதும். ஈரமணலில் ஊற்றினால் நீராவி வெடித்து முகத்தில் தெறிக்கும். மேலே மிதக்கும் சாம்பல்நிற ஆடைதான் மிகக் கெட்டது, அதை வழித்து முற்றத்தில் எறியாமல் மூடியுள்ள தகரத்தில் போட்டு வையும். பிள்ளைகள் விளையாடும் மண் அது. வளர்ந்தவரை விடப் பிள்ளையின் குடல் நான்கைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும், இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூட. குருதியிலிருந்து ஒன்றிரண்டு மாதத்தில் குறையும் ஈயம், எலும்புக்குள் போய்ப் பத்து இருபது ஆண்டு குந்தியிருக்கும். யுத்த காலத்துத் துப்பாக்கி ரவையை உடைத்து உள்ளேயிருக்கும் ஈயத்தை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஈயம் கொல்லுமுன் ரவையே கொன்றுவிடக்கூடும், கண்டால் தொடாமல் அறிவித்துவிட வேண்டியதுதான்.

உமது கடைசிக் கேள்வி மிச்சம். கார்களுக்கான ஈயப் பெற்றோலை இறுதியாக விற்ற நாடு அல்ஜீரியா, 2021 யூலையில் கையிருப்புத் தீர்ந்தது. ஆனால் பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சின்ன விமானங்கள் எரிக்கும் 100 ஒக்ரேன் விமானப் பெற்றோலில் இன்றும் டெட்ரா எதைல் ஈயம் இருக்கிறது, லீற்றருக்கு 0.56 கிராம் வரை. அடையாளத்துக்காக நீலச் சாயம் கலந்திருப்பார்கள். பெரிய ஜெற் விமானங்கள் எரிப்பது மண்ணெண்ணெய் வகை, அதில் ஈயம் இல்லை.